தையில் பால் காய்ச்சலாம் என்று போட்ட கணக்கு ஏன் தவறுகிறது?

"ஆவணியில பூஜை போட்டுடுறோம் சார். தையில பால் காய்ச்சிடலாம்ல?"

தஞ்சாவூர்ப் பக்கம் சிவில் இன்ஜினியராக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பள்ளியிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பல வருடம் பொறுப்பான வேலை பார்த்தவர்கள். கையில் நோட்டும் இருக்கும். கடைக்கால் 15 நாள், பேஸ்மென்ட் 15 நாள், செங்கல் கட்டு ஒரு மாதம், ரூஃப் 20 நாள், பூச்சு ஒரு மாதம், டைல்ஸ், பெயிண்ட், கதவு ஜன்னல் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை மாதம். கூட்டினால் ஐந்து மாதம் போல வரும்.

அந்த நோட்டை வரிவரியாகப் பார்த்தால் நான் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. 15 நாளில் கடைக்கால் முடியும். ஒரு மாதத்தில் சுவர் எழும்பும். ஆனாலும் கூட்டிய விடை தவறாகத்தான் இருக்கும். அதில் வேலை நாட்கள் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு ஆள் வருகிற வரை காத்திருக்கும் நாட்களுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. வீடு கட்டுவதில் நாட்களைத் தின்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான்.

ரூஃப் போடும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடித்தாயிற்று. கம்பி கட்டியாயிற்று. வியாழக்கிழமை காலை கான்கிரீட். மிக்சர் மெஷின், லிப்ட், அதற்கென்று தனியாக வரும் ஆட்கள் எல்லாருக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பிக்கு இடையே எலக்ட்ரீஷியன் பைப் ஓட்டி, ஃபேன் பாக்ஸ் வைத்து முடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை. புதன்கிழமை வரவேண்டியவர், சொந்தத்தில் ஒரு துக்கம் என்று வெள்ளிக்கிழமை வருகிறார். அவர்மேல் தப்பில்லை.

தள்ளிப்போனது இரண்டே நாள் என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். ஆனால் கான்கிரீட் போடும் செட் வெள்ளி, சனி இரண்டு நாளும் வேறு ஊரில் வேறு சைட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஞாயிறு லீவு. திங்கட்கிழமை அமாவாசை, வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். செவ்வாய் ஆகாது. புதன்கிழமைதான் நடக்கிறது. இரண்டு நாள் தாமதம் ஆறு நாளாகிவிட்டது. ரூஃபுக்குப் பிறகு மேல் வேலைக்கு வர ஒப்புக்கொண்ட கொத்தனார், இங்கே வேலை தள்ளிப்போவதைப் பார்த்து இடைப்பட்ட நாளில் வேறொரு காம்பவுண்ட் சுவரைத் தொட்டுவிடுகிறார். அதை முடிக்காமல் அவரால் வர முடியாது. இப்படி ஒரு மனிதருடைய இரண்டு நாள், மூன்று வார வேலையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு வேலை சீக்கிரம் முடிந்தால் அந்த லாபம் அடுத்த வேலைக்குப் போய்ச் சேராது. செங்கல் கட்டு நான்கு நாள் முன்னதாக முடிந்தது என்பதற்காக ஆசாரி நான்கு நாள் முன்னதாக வரமாட்டார். அவர் சொன்ன தேதிக்குத்தான் வருவார். தாமதம் மட்டும் அடுத்தடுத்துக் கைமாறிக்கொண்டே போகும்; மிச்சம் பிடித்த நாள் அங்கேயே வீணாகும். "நடுவுல கொஞ்சம் வேகமாப் பண்ணிச் சரிக்கட்டிக்கலாம்" என்ற நம்பிக்கை கைகொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒன்றையொன்று பின்தொடரும் பத்து வேலைகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சொன்ன நேரத்துக்கு முடிய 90 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. 90 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் என்றுதான் மனசுக்குப் படும். ஆனால் பத்துமே தவறாமல் முடிய இருக்கும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். ஒரு வீட்டில் பத்து வேலை அல்ல, சின்னதும் பெரியதுமாக ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

மனோதத்துவ ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். இதற்கு முன் இதே மாதிரி வேலைகளுக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை விட்டுவிட்டு, நம் வேலை எப்படி நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் படத்தை மட்டும் வைத்து நாள் குறிக்கிறோம் என்பது அவர்கள் கண்டது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம், "உங்கள் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போவதாக நினைத்துப் போட்ட கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது.

கானமன் தன் அனுபவம் ஒன்றையும் சொல்லியிருக்கிறார். இஸ்ரேலில் ஒரு பாடப்புத்தகம் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தார். எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லாரையும் தனித்தனியாக எழுதச் சொன்னபோது சுமார் இரண்டு வருடம் என்று வந்தது. பிறகு, இந்த மாதிரிக் குழுக்களை நிறையப் பார்த்திருந்த ஒரு மூத்தவரிடம், "மற்றவர்களுக்கு எவ்வளவு ஆனது?" என்று கேட்டார்கள். ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது, ஏறத்தாழ 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை என்றார் அவர். சற்று முன்னால் அவரும் மற்றவர்களைப் போலக் குறைவாகத்தான் எழுதியிருந்தார். தெரிந்த விஷயமே தன் கணக்கைப் போடும்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. புத்தகம் முடிய எட்டு வருடம் ஆனது.

நம் தெருவிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டி முடிக்க ஒன்றேகால் வருடம் ஆனதை நேரில் பார்த்தவர்கள்தான், தங்கள் வீட்டுக்கு ஐந்து மாதம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், "அவங்களுக்கு மேஸ்திரி சரியில்ல சார்" என்பார்கள். மேஸ்திரி சரியாக இருந்தால் கம்பி விலை ஏறும். கம்பி சரியாக இருந்தால் வங்கித் தவணை தாமதமாகும். எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று வரும் என்பதை நிச்சயமாகச் சொல்லலாம். புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோது கொரோனாவை யார் நினைத்தார்கள்? 2021-இல் முடியும் என்று முதலில் சொல்லப்பட்ட பாலம், 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

சில தடைகளை மட்டும் வருடந்தோறும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எங்கள் டெல்டாவில் அது மழை. ஆடியில் தொடங்கக் கூடாது என்று ஆவணி வரை காத்திருப்பார்கள். பூஜை முடிந்து, போர் போட்டு, கம்பி ஜல்லி இறக்கி, கடைக்கால் தோண்டி முடிக்கும்போது புரட்டாசி போய் ஐப்பசி பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை. களிமண் பூமியில் குழிக்குள் விழுந்த தண்ணீர் இறங்காது. மோட்டார் வைத்து இறைத்தாலும் ஊறிப்போன சேற்றை வழித்தெடுத்து, கெட்டித் தரை வரும்வரை மறுபடி தோண்டி, புதிதாகப் பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) போட வேண்டும். குழியின் ஓரம் சரிந்தால் அந்த வேலையும் சேரும். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். நோட்டில் மட்டும் அது ஏறுவதில்லை.

பணக் கணக்கிலும் இதே கோளாறுதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட்டைப் பேசி, பரப்பளவால் பெருக்கி, அதுதான் வீட்டின் விலை என்று நம்புகிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த ரேட்டுக்குள் காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க், போர், மின் இணைப்புக் கட்டணம், பிளான் அப்ரூவல் செலவு எதுவும் அடங்காது. பள்ளமான மனையாக இருந்தால் நிரப்புகிற கிராவல் தனி. பிறகு, "இவ்வளவு பண்ணிட்டோம், கூடவே மாடியில ஒரு ரூம் போட்டுடலாமே" என்ற பேச்சு ரூஃப் போடும் சமயத்தில் தவறாமல் வரும்.

தாமதத்துக்கென்று ஒரு விலையும் உண்டு. வங்கி வெளியே விட்ட தொகைக்கு அந்த மாதத்திலிருந்தே வட்டி ஓடும். 20 லட்சம் வெளியே வந்திருந்தால், 8.5 சதவீதத்தில் மாதம் சுமார் 14,000 ரூபாய். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 9,000 என்றால் இரண்டும் சேர்ந்து 23,000. நான்கு மாதம் தள்ளினால் ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் என்று வைத்திருந்த பணம் இதில் கரையும். கடைசியில் நகை அடகுக்குப் போகும். எத்தனையோ வீடுகளில் அம்மாவின் வளையலில்தான் பெயிண்ட் வேலை நடந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு மனசு கனக்கிறது. முதல் நாளே பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இதைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கணக்கு தவறினால் நாளும் பணமும் போகும், அவ்வளவுதான். தவறிய கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "சொன்ன தேதிக்கு முடிச்சே ஆகணும்" என்று நிற்கும்போதுதான் வீடு கெடுகிறது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் டிக்கெட் போட்டுவிட்டார்கள். எங்கே நாளைப் பிடிப்பது? கொத்தனாரின் வேலையை யாராலும் பாதியாக்க முடியாது. அதனால் சும்மா இருப்பதுபோலத் தெரியும் நாட்களில் கை வைக்கிறார்கள். அதாவது, தண்ணீர் காட்டும் நாட்களில்.

கான்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் ரசாயன மாற்றத்தில்தான் அது வலுவடைகிறது. ஈரம் போய்விட்டால் அந்த மாற்றம் நடுவழியில் நின்றுவிடும். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஈரமாக வைக்கச் சொல்கிறது. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி போன்ற கலப்பு சிமெண்டுக்கும், வறண்ட வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள். கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. ரூஃபின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதற்காகத்தான். முட்டுகளைப் பிரிப்பதற்கும் கணக்கு உண்டு: தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை குறைந்தபட்ச அளவுகள். அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது.

பூச்சிலும் அப்படித்தான். ஒரு வாரமாவது தண்ணீர் அடித்து, அதன் பிறகு நான்கு வாரம் போல உலர விட்டால்தான் பட்டியும் பெயிண்டும் நிற்கும். தேதிக்காக ஈரச் சுவரில் பட்டி பார்த்த வீடுகளில் அடுத்த மழைக்குள் உப்பு பூத்து, பெயிண்ட் பட்டை பட்டையாக உரிவதைப் பார்க்கிறேன். ஈரம் குடித்த கதவு உப்பிக்கொண்டு தாழ்ப்பாள் விழாது. சுரண்டி மறுபடி அடிக்க ஆகும் செலவு, ஒரு மாத வாடகையைவிட அதிகம்.

அப்படியானால் தேதியே குறிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். குறிக்கலாம். அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டின் அளவில், கடந்த இரண்டு மூன்று வருடத்தில் கட்டி முடித்த நான்கு ஐந்து குடும்பங்களைப் பாருங்கள். இரண்டே கேள்வி போதும்: "எப்ப பூஜை போட்டீங்க? எப்ப குடி வந்தீங்க?" ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். காரணத்தைக் கேட்டதும், அது நமக்கு நடக்காது என்று மனசு தள்ளிவிடும். அந்த மாதங்களின் சராசரிதான் உங்கள் வீட்டுக்கும் கணக்கு. பணத்துக்கும் அதே மாதிரி கேளுங்கள்: "பேசினது எவ்வளவு, முடிக்கும்போது எவ்வளவு ஆச்சு?"

அந்த வித்தியாசத்தை முதல் நாளே தனி டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். என் அபிப்பிராயத்தில் மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். அவ்வளவு ஒதுக்க முடியாது என்றால் வீட்டைச் சின்னதாக்குங்கள். 1,200 சதுர அடியை 1,000 ஆக்கினால் கௌரவம் ஒன்றும் போய்விடாது. டைல்ஸ், சானிட்டரி, கதவு டிசைன் ஆகியவற்றை ரூஃப் போடுவதற்குள் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். கொத்தனாருக்காகக் காத்திருந்த நாட்களைவிட, எந்த டைல் என்று வீட்டார் ஒத்துப்போவதற்காகக் காத்திருந்த நாட்கள் அதிகமான வீடுகள் உண்டு.

புதுமனை புகுவிழாவுக்குப் பூச்சும் தரையும் முடிந்த பிறகு நாள் பாருங்கள். பெரியவர்கள் உடல்நிலை போன்ற காரணத்தால் தையிலேயே செய்தாக வேண்டும் என்றால், பூஜையை மட்டும் அந்த நாளில் செய்துவிட்டு, குடிபோவதைச் சித்திரைக்குத் தள்ளுங்கள். அதுவரை வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தையும் புது வீட்டு முகவரியை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

ஆவணியில் தொடங்க வேண்டும் என்று இருப்பவர்கள் அப்ரூவல், போர், வங்கி வேலைகளை ஆனியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆவணிக் கடைசிக்குள் கடைக்கால் எழும்பி, பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பீம்) வரை வர வாய்ப்பில்லை என்று உங்கள் இன்ஜினியர் சொன்னால் குழி தோண்ட வேண்டாம். பூஜையை மட்டும் போட்டுவிட்டு, மண்வேலையைத் தையில் ஆரம்பியுங்கள்.