இன்னொரு ஸ்வாப் போடுவதற்கு முன்னால்

இந்த மாதம் இது மூன்றாவது தடவை. மெய்நிகர் டிவைஸ்களை உருவாக்கும் நம் நிரலுக்கு ரிவ்யூவுக்கு வந்த பேட்சில் மறுபடியும் அதே வரி: கெஸ்ட் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) பிக் எண்டியனாக, அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பதாக, இருந்தால் பைட்டுகளைத் திருப்பு. இந்தத் திருப்பலைத்தான் ஸ்வாப் என்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆர்ம்64 சிபியு உள்ள ஹோஸ்ட் (நிஜக் கணினி), அதன்மேல் பிக் எண்டியன் லினக்ஸ் கெஸ்ட். விர்ட்டியோ (மெய்நிகர் டிவைஸ்களுக்கான பொதுத் தரம்) டிரைவர் க்யூ அளவு ரெஜிஸ்டரில் 256 எழுதுகிறது. லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் நம் கையில் தருவது 00 01 00 00 என்று நான்கு பைட்டுகள். லிட்டில் எண்டியனாக, அதாவது சிறிய பைட் முதலில் என்று, படித்தால் சரியாக 256. பேட்ச் எழுதிய நம் நண்பர் திருப்பியதும் அது 65536 ஆகிவிட்டது. க்யூவின் உச்ச அளவே 32768தான். டிவைஸ் எழும்பவில்லை. கெஸ்ட் டிரைவரில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: ரெஜிஸ்டரின் பைட் வரிசையை முடிவு செய்வது டிவைஸ். கெஸ்ட் சிபியு எப்படி ஓடினாலும் விர்ட்டியோ எம்எம்ஐஓவின் (டிவைஸை நினைவக முகவரிகள் வழியாக அணுகும் முறை) கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்கள் லிட்டில் எண்டியன்தான். பிக் எண்டியன் கெர்னலின் ரைட்-எல் ஃபங்ஷன் எழுதும்போதே திருப்பிவிடுகிறது. கேவிஎம் தருவதும் எண் இல்லை. விசிபியு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) நேரடியாக நினைவகத்தில் எழுதியிருந்தால் எந்த பைட் எங்கே விழுமோ, அப்படியே வருகிறது. டிரைவர் ஏற்கெனவே திருப்பியதை நாம் எதற்கு இன்னொரு தடவை திருப்ப வேண்டும்?

"எக்ஸ்86இல் ஓடுகிறதே" என்பார்கள். ஓடும். பைட்டுகளின் பாயின்டரை எண் வகைக்குக் காஸ்ட் செய்து படித்தாலும் ஓடும், அங்கே கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் லிட்டில் எண்டியன் என்பதால். பிக் எண்டியனில் ஓடும் பவர் (ஐபிஎம்மின் சிபியு வகை) ஹோஸ்ட்டுக்குப் போனால் அன்றே உடையும்.

பழைய விர்ட்டியோ, அதாவது 1.0க்கு முந்தையது, மட்டும் தனிக் கதை. அதில் கான்ஃபிக் பகுதியும் க்யூக்களும் கெஸ்ட்டின் வரிசையில் இருக்கும். பவரில் ஃபர்ம்வேர் பிக் எண்டியனில் தொடங்கி, கெர்னல் லிட்டில் எண்டியனுக்கு மாறுவது சகஜம். அதனால்தான் க்யூஎமு என்ற எமுலேட்டர், டிவைஸ் ரீசெட் ஆகும்போது சிபியு எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறது. இந்தத் தலைவலியைப் புது டிவைஸுக்குள் இழுத்து வராதீர்கள்.

காஸ்ட் வேண்டாம். நீளத்தைப் பார்த்து, லிட்டில் எண்டியன் என்று பெயரிலேயே சொல்லும் ஃபங்ஷனால் படியுங்கள். நெட்வொர்க் டிவைஸின் மேக் முகவரியைத் தொடவே தொடாதீர்கள், அது ஆறு தனி பைட்டுகள். கெர்னல் பக்கம், லிட்டில் எண்டியன் என்று குறிக்கும் எல்இ32 வகையை விட்டுவிட்டு வரிசை சொல்லாத யு32 போட்டால், வகைப் பிழைகளைப் பிடிக்கும் ஸ்பார்ஸ் கருவியால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

அப்புறமும் சந்தேகமா? ஸ்வாப் போடும் முன் விர்ட்டியோ எம்எம்ஐஓவின் முதல் ரெஜிஸ்டருக்கு நீங்கள் தரும் பைட்டுகளை அச்சிட்டுப் பாருங்கள். 76 69 72 74 என்று வர வேண்டும். ஆஸ்கியில் வி, ஐ, ஆர், டி. டி முதலில் வந்தால் எங்கேயோ ஒரு ஸ்வாப் கூடுதலாக இருக்கிறது.