பிரசவப் பையில் பால் டப்பா எதற்கு?

பிரசவத் தேதிக்கு மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்போதே பல வீடுகளில் ஒரு பை தயாராகிவிடுகிறது. நைட்டி, துண்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், பிளாஸ்க், ஸ்கேன் அறிக்கைகள் எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பையின் ஓரத்தில் ஒரு பால் பவுடர் டப்பாவும் ஒரு புட்டியும் ஏறிக்கொள்கின்றன. பிள்ளை பசித்து அழக்கூடாது என்ற அக்கறைதான் அதற்குக் காரணம். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று நாள்களில் தாயின் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டவர்கள், அந்த டப்பாவை அவ்வளவு எளிதாகப் பையில் வைக்க மாட்டார்கள்.

பால் சுரப்பதற்கான ஏற்பாடு பிரசவத்தன்று தொடங்குவதில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பின் சுரப்பி அணுக்கள் சீம்பாலை உண்டாக்கத் தொடங்கிவிடுகின்றன. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் அப்போதே இரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது. இருந்தும் பால் பெருகாததற்குக் காரணம், நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பூட்டுப் போட்டதுபோல் அதைத் தடுத்து வைத்திருப்பதுதான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியேறியவுடன் புரோஜெஸ்டிரோனின் அளவு சரசரவென இறங்குகிறது. அதன்பின் ஏறத்தாழ 30 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் பெருகத் தொடங்குகிறது. ‘சிசேரியன் ஆனவளுக்குப் பால் வராது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அறுவையிலும் நஞ்சுக்கொடி அகற்றப்படுவதால் பூட்டு அதே முறையில்தான் திறக்கிறது. முதல் பாலூட்டல் தள்ளிப்போவதும், தாயும் குழந்தையும் வெவ்வேறு அறைகளில் இருப்பதும், வலியும்தான் அங்கே பெரும்பாலும் தாமதத்தை உண்டாக்குகின்றன. தலைப்பிரசவம், சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் பால் பெருகுவது சற்றுத் தாமதமாகலாம். நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று கருப்பையிலேயே தங்கிவிட்டாலும் பால் பெருகாமல் போகலாம் என்பதால், மருத்துவர்கள் அதையும் கவனிப்பார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பவே சீம்பால் இருக்கிறது. கன்று ஈன்ற மாட்டின் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துக் கொண்டாடும் நம் ஊர்களிலேயே, பெற்றவளின் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய வழக்கமும் இருந்தது வேடிக்கைதான். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர் மட்டுமே, அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவிலிருந்து இரண்டு தேக்கரண்டி வரை. இரண்டாம் நாளில் அது 5 முதல் 15 மில்லிலிட்டராகவும், மூன்றாம் நாளில் 15 முதல் 30 மில்லிலிட்டராகவும் கூடுகிறது. பிறந்த குழந்தையின் வயிறு சிறியது. உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒன்றோடொன்று இசைத்துக்கொள்ள அது இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயிற்சிக்குக் கெட்டியாகவும் சொற்பமாகவும் வரும் சீம்பாலே ஏற்றது. அதில் நிறைந்திருக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குடலின் உட்சுவரில் படர்ந்து கிருமிகள் ஒட்டாமல் காக்கிறது. அதற்கு இலேசான மலமிளக்கும் குணமும் உண்டு. தார்போல் கரிய முதல் மலம் சீக்கிரம் வெளியேறினால், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபினும் அதோடு வெளியேறுகிறது.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் இரவில்தான் வருகிறது. முதல் நாள் முழுக்கத் தூங்கிய குழந்தை, அன்று இரவு அரை மணிக்கு ஒருமுறை பாலுக்கு அழும். மார்பில் வைத்தால் சிறிது குடித்துக் கண்ணயரும். படுக்கையில் கிடத்தினால் மீண்டும் வீறிடும். என் தங்கையின் தலைப்பிரசவத்தின்போது நள்ளிரவு இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் துணைக்கிருந்த பெரியம்மா ஒருவர், “பிள்ளைக்குப் பத்தலம்மா, உனக்கு இன்னும் பால் ஊறல. அந்த டப்பாவ எடுத்துக் கலக்கு” என்றார். அந்த நேரத்தில் அழும் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது. ஆனால் அந்த ஓயாத உறிஞ்சலே பால் பெருகுவதற்கான உத்தரவு. குழந்தை உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் முலைக்காம்பின் நரம்புகள் வழியே மூளைக்குச் செய்தி போய்ப் புரோலாக்டின் ஏறுகிறது. இரவு நேரத்தில் அதன் அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மறுபுறம், மார்பில் தேங்கும் பால் வெளியேறாவிட்டால் சுரப்பு தானாகவே குறைகிறது. 30 மில்லிலிட்டர் புட்டிப்பால் குடித்த குழந்தை மூன்று நான்கு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கும்; அந்த நேரம் முழுவதும் மார்புக்கு உத்தரவு எதுவும் போவதில்லை. மறுநாள் பால் குறைகிறது. டப்பா மறுபடியும் திறக்கப்படுகிறது. பால் ஊறவில்லை என்ற பயம் இப்படித்தான் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது.

சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற வேறொரு ஹார்மோனின் வேலை. பால் பைகளைச் சுற்றியுள்ள தசை அணுக்களை அது சுருக்குகிறது. கருப்பையையும் சுருக்குவதால்தான் முதல் நாள்களில் பாலூட்டும்போது அடிவயிறு பிசைவதுபோல் வலிக்கிறது. குழந்தையின் வாசனை, தொடுகை, அழுகுரல் எல்லாம் ஆக்ஸிடோசினைத் தூண்டும். கடும் வலியும் அச்சமும் கூச்சமும் அதைத் தடுக்கும்.

எனவே பையில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஹார்மோன்களே பதில் சொல்கின்றன. முன்பக்கம் முழுதும் திறக்கும் நைட்டி நான்கைந்து வேண்டும்; பிறந்த குழந்தையைத் துணியின்றித் தாயின் மார்பில் கிடத்த அதுவே வசதி. உலகச் சுகாதார நிறுவனம் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் குழந்தை நல்ல விழிப்போடு இருந்து, தானே மார்பைத் தேடி வாய் வைக்க முயலும். மேலே போர்த்த வேட்டித் துணியும், தலைக்கு ஒரு குல்லாயும் போதும். சிசேரியன் தையலில் குழந்தையின் கால் படாமல் அணைத்துப் பிடிக்க ஒரு கெட்டித் தலையணை, கூச்சமுள்ளவர்களுக்கு மறைப்பாக ஒரு பெரிய துப்பட்டா, தாய்க்கு வெந்நீர் பிளாஸ்க், பெரிய அளவு நாப்கின்கள் ஆகியவை மற்றவை. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணைக் கேட்பார்கள் என்பதால் அதையும் ஆதார் நகலையும் ஒரே உறையில் போட்டுவைப்பது நல்லது.

புட்டிக்குப் பதிலாக நான் வைக்கச் சொல்வது ஒரு பாலாடை. ஒருபுறம் மூக்கு நீண்ட, உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறு கிண்ணத்தை எவர்சில்வரிலோ வெள்ளியிலோ பல வீடுகளில் காணலாம். நம் மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும், எடை குறைந்த குழந்தைகளுக்கு இதைக் கொண்டுதான் பால் புகட்டுகிறார்கள். மூலைமுடுக்கில்லாததால் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. மார்பில் சப்பும் முறைக்கும் புட்டியில் சப்பும் முறைக்கும் இடையே குழந்தை தடுமாறும் தொல்லையும் இல்லை. சீம்பாலைப் பீய்ச்சிப் புகட்ட வேண்டி வந்தால் இயந்திரத்தைவிடக் கையே மேல். கெட்டியான அந்தச் சில துளிகள் இயந்திரத்தின் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை நெருக்கி விட வேண்டும். காம்பையே பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம்.

சேனை வைக்கக் கொண்டுவரும் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் வீட்டிலேயே இருக்கட்டும். தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். ஆனால் எல்லா வழக்கத்தையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிட முடியாது. குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் மருத்துவர்கள் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள்; பூக்கள் புரோலாக்டினைக் குறைத்துப் பாலை வற்றச் செய்வது தெரிந்தது. பால் கட்டினால் மல்லிகை வை என்று பாலூட்டும் தாயிடம் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையிலேயே பால் போதவில்லை என்பதை அழுகையை வைத்துக் கணிக்க முடியாது. அதற்குப் பையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பாலூட்டலையும், ஈரத் துணிகளையும், மலத்தின் நிறத்தையும் அதில் குறித்துக்கொண்டே வர வேண்டும். முதல் நாள் ஒன்றிரண்டாக இருக்கும் ஈரத் துணி ஐந்தாம் நாளுக்குள் ஆறோ அதற்கு மேலோ ஆக வேண்டும். கரிய மலம் பச்சையாகி அதற்குள் மஞ்சளாக மாற வேண்டும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது இயல்பு. 10 விழுக்காட்டை நெருங்கினாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்க எழாமலே கிடந்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போது மருத்துவர் சொன்னால் பால் பவுடரும் ஒரு மருந்தே; அதை அளந்து கொடுப்பதில் தாழ்வு எதுவும் இல்லை. தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனையில் தானமாகப் பெற்ற பாலும் கிடைக்கலாம். இந்தியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. மற்றபடி பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது.

சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பல தாய்மார்களுக்குப் பால் பெருகுவது பை பிரிக்கப்படும் அந்த முதல் இரவில்தான். மார்பு கல்லாக இறுகிக் கருவட்டம் விறைத்துவிட்டால் குழந்தையால் வாய் நிறையப் பற்ற முடியாது. பாலூட்டுவதற்குச் சற்று முன்பு வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கருவட்டம் இளகும் அளவுக்கு மட்டும் கையால் சிறிது பீய்ச்சிவிட்டுக் குழந்தையை வைத்தால் அது பற்றிக்கொள்ளும். குடித்து முடித்த பிறகு குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் அடங்கும். அதற்கும் அதே வேட்டித் துணிகள்தான். ஆகவே அவற்றில் இரண்டையாவது அழுக்குத் துணியோடு சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள்.