கெண்டைக்காலுக்கு ஓய்வு, குதிகாலுக்குப் பாரம்

பொங்கல் வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டிதான். வருஷம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களும் அன்றைக்கு அரை டிராயரை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார்கள். மறுநாள் லேசான பிடிப்புதான் இருக்கும். அதற்கும் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. "ஏல, என்ன விந்தி விந்தி நடக்க?" என்று தெருவே கேட்கும்.

லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டத்தில் சேரும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து கழிந்துவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது. உண்மைக் காரணம், சதை இறுகிப் பிடித்திருக்கும்போதே நீட்டப்படுவது. பாடிப் போனவர் தொட்டுவிட்டுப் பின்னால் தாவி முன்பாதத்தில் ஊன்றும் நொடியில் குதிகால் தரையை நோக்கி இறங்குகிறது. கெண்டைச்சதை அந்தப் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. நுண்ணிழைகள் அங்கங்கே சிதைகின்றன. அதைச் செப்பனிட உடம்பு தொடங்கும் வேலைதான் வலியாகவும் விறைப்பாகவும் தெரிகிறது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கிவிடும். அடுத்த வாரமும் இதே ஆட்டம் ஆடினால் இவ்வளவு வலிக்காது; சதை அதற்குள் பழகியிருக்கும்.

எண்ணெய் தேய்த்து நீவினால் வலி மட்டுப்படும், செய்துகொள்ளலாம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் காலை நீட்டி மடக்குவதால் இந்த வலி பெரிதாகக் குறைவதில்லை. குளிர்ந்த நீரில் காலை வைத்திருப்பது கொஞ்சம் உதவும். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் நீரைத்தான் பயன்படுத்தினார்கள். தாமிரபரணி அந்த அளவுக்குக் குளிராது. குளியல் சுகத்துக்காகவே இறங்கலாம், தப்பில்லை. மற்றபடி மெதுநடையும் நல்ல தூக்கமும் போதும்.

குதிகாலுக்கு மேலே வலித்தால் கதை வேறு. கெண்டைக்காலில் இரண்டு பெரிய சதைகள் உண்டு. வெளியே புடைத்துத் தெரிவது முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து, சுமார் 15 செ.மீ. நீளமுள்ள அக்கிலிஸ் தசைநாணாகிக் குதியெலும்பில் முடிகின்றன. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு விசை இதில் விழுகிறது.

இந்த நாண் கெட்டால் காலையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும், நடக்க நடக்க விட்டுவிடும், ஆடி முடித்ததும் திரும்ப வரும். விரலால் பிடித்துப் பார்த்தால் குதியெலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே தடித்து, தொட்டாலே கூசும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, செல்களும் சொற்பம். நாணை ஆக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் நார்க்கயிற்றின் புரிபோல ஒரே திசையில் ஒழுங்காக அமைய வேண்டுமானால் அந்தத் திசையில் இழுவிசை விழுந்தாக வேண்டும். அதனால்தான் மூன்று வாரம் சும்மா இருந்தால் வலி அடங்குவதும், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் இரண்டு சுற்று ஓடியதும் திரும்ப வருவதும்.

சுவீடனின் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் வலித்த தன் குதிகாலைப் பாரமேற்றி வேண்டுமென்றே மோசமாக்கப் பார்த்தார், அது குணமாகிவிட்டது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கதை உண்டு. 1998-ல் வெளியான அவரது ஆய்வில், நாள்பட்ட வலியுள்ள பொழுதுபோக்காக விளையாடும் 15 பேர் 12 வாரப் பயிற்சிக்குப் பின் மறுபடி ஓடினார்கள். அந்தப் பயிற்சிக்கு ஒரு வாசல்படி போதும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எக்கி, வலிக்கும் காலுக்கு எடையை மாற்றி, குதிகால் விளிம்புக்குக் கீழே போகும்வரை மெல்ல இறக்க வேண்டும். ஏறுவதற்கு நல்ல காலின் உதவி, இறங்குவது நோவுள்ள கால் மட்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். மடக்கினால் மேற்சதை தளர்ந்து, பாரம் அடிச்சதைக்குப் போகும். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளலாம். செய்யும்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை, மறுநாள் காலை விறைப்பு கூடக் கூடாது, அவ்வளவுதான். ஆற்றுப் படித்துறையில் மட்டும் வேண்டாம், பாசி வழுக்கும்.

நாண் எலும்போடு சேரும் இடத்திலேயே வலி என்றால் விளிம்புக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வதே நல்லது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் குதிகால் வலிப்பது பெரும்பாலும் எலும்பு வளரும் இடமான வளர்தட்டின் தொந்தரவு. அவர்களுக்கு இந்தப் பயிற்சி அல்ல, ஆட்டத்தைக் குறைப்பதே வழி.

பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருந்து, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லையா? நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைப் பிசைந்தால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவவே கூடாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் உடனே டாக்டர்தான்.

வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்த நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-ல் இதற்குக் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் கடும் எச்சரிக்கையை அறிவித்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் குதிகால் வலித்தால் வாசல்படிப் பயிற்சியும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். முதலில் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.