கிரவுன் ஹவுசிங்கைக் கடைசியாக எப்போது தொட்டுப் பார்த்தீர்கள்? லாரியின் பின் ஆக்சிலுக்கு நடுவில் இருக்கிற இரும்புச் சட்டிதான் அது. இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் அதற்குள்தான் இருக்கின்றன.

போன மாசி மாதம் ஒரு டிரெய்லர் வண்டி பட்டறைக்கு வந்தது. சேலத்தில் லோடு ஏற்றி, தொப்பூர் கணவாய் ஏறி ஓசூர் பக்கம் போகிற வண்டி. டிரைவர் தம்பி இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "மேடு ஏறும்போது மட்டும் பின்னாடி ஊளையிடுதுங்ணா. எறக்கத்துல ஒன்னும் தெரியலைங்க. கிரவுன் ஆயில் போன மாசந்தான் பாத்தங்க, இருந்துச்சு."

ஆக்சிலை உருவி, ஜாயிண்டைக் கழற்றி, கிரவுனை இறக்கினோம். பினியன் பல்லெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. சேலைக்கு அழகான நிறம்தான். பல்லில் வந்தால், அந்த எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். பினியனின் முன் பேரிங் கருகி, ரோலரைப் பிடித்திருக்கும் கூடு உடைந்திருந்தது. வடித்த ஆயில் தார் மாதிரி இருந்தது. அதுவும் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

இன்ஜின் சூடானால் டேஷ்போர்டில் முள் ஏறும், விளக்கு எரியும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கிரவுனுக்கு அப்படி எதுவும் கிடையாது. ரேடியேட்டர் இல்லை, ஆயில் பம்ப் இல்லை. கிரவுன் வீல் சுற்றும்போது வாரி இறைக்கிற ஆயில்தான் பேரிங்குக்கும் பல்லுக்கும் போகிறது. ஹவுசிங் மேல் அடிக்கிற காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது.

ஹைபாய்டு கிரவுனில் பினியன், கிரவுன் வீலின் நடு மட்டத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல் பல்லின் மேல் உருளுவதோடு நிற்காமல் இழுத்துத் தேய்த்துக்கொண்டும் போகும். சத்தம் குறைவு, பலம் அதிகம், சூடும் அதிகம். கணக்குக்கு, வண்டி 200 குதிரைத்திறன் போட்டு மேடு ஏறுகிறது, அதில் நூற்றுக்கு நாலு பங்கு கிரவுனில் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஆறாயிரம் வாட். ஆறு இஸ்திரிப் பெட்டியை அந்தச் சட்டிக்குள் போட்டு சுவிட்சைத் தட்டியது போல. பின்னால் டிரெய்லர் இருந்தால் முழு விசை போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் ஏறுவீர்கள். சூடு உச்சத்தில் இருக்கிற அந்த நேரத்தில்தான் காற்றும் குறைவு. ஹவுசிங்கில் ரெண்டு விரல்கடை சேறு அப்பியிருந்தால் கம்பளி போர்த்திய மாதிரிதான்.

சரி, அந்த வண்டியில் ஆயில் எங்கே போனது? பினியன் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கிற வளையமான சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. சீல் ஏன் விட்டது? ஹவுசிங்கின் மேல்பக்கம் சுண்டுவிரல் அளவில் பிரீதர் என்று ஒன்று இருக்கும். உள்ளே சூடாகி விரிகிற காற்று வெளியே போக அதுதான் வழி. மண்ணும் கிரீஸும் சேர்ந்து அதைக் கல்லாக்கியிருந்தது. வழி அடைத்தால் காற்று சீலைத் தள்ளும். ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஓடுகிற வண்டியில் தரையில் சொட்டுவதும் கண்ணில் படாது. மட்டம் குறைந்த வண்டி மேடு ஏறினால் மூக்கு தூக்கி, இருக்கிற ஆயிலும் பின்பக்கம் ஒதுங்கும். முன் பேரிங் காய்ந்துபோகும். மேட்டில் மட்டும் ஊளையிட்டதற்குக் காரணம் அதுதான்.

வெயிலில் ஓடி வந்த வண்டியை நேராக வாட்டர் சர்வீஸில் விட்டு, கொதிக்கிற ஹவுசிங்கில் பிரஷர் தண்ணீர் அடிப்பதும் கெடுதல். உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்புறம் வடித்துப் பார்த்தால் ஆயில் மோர் நிறத்தில் வரும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கழுவினால் என்ன குறைந்துவிடும்?

"ஆயில் பாத்தங்க" என்றாரே தம்பி, அதையும் கேட்டேன். ஹவுசிங்கில் ஆயில் மட்டம் பார்க்கிற துளையின் பிளக்கைக் கழற்றி விரலை விட்டிருக்கிறார், நுனியில் ஆயில் பட்டிருக்கிறது, மூடிவிட்டார். துளையின் கீழ் விளிம்போடு ஆயில் நிற்க வேண்டும், அதுதான் மட்டம். விரலை மடக்கி ஒரு இன்ச் கீழே துழாவித் தொட்டால், அகலமான ஹவுசிங்கில் லிட்டர் கணக்கில் குறைந்திருக்கிறது. வண்டி சமதரையில் நிற்க வேண்டும், நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அதற்காக வண்டியைச் சாய்வில் நிறுத்தி அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறவர்களும் உண்டு. கூடினால் கடைந்து நுரைத்து இன்னும் சூடாகும். ஆக்சில் வழியாகச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குப் போய் பிரேக் லைனிங்கையும் நனைக்கும்.

எந்த ஆயில் என்பதில் நான் வம்பு பேச மாட்டேன், வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதுதான். ஆனால் டப்பாவில் ஜிஎல்-5 என்று கியர் ஆயிலின் தரக் குறியீடு இருக்க வேண்டும். அந்த இழுபடும் தேய்மானத்தைத் தாங்குகிற கந்தகம், பாஸ்பரஸ் மருந்து அதில்தான் போதுமான அளவு இருக்கும். கிரவுன் ஆயிலின் நாற்றமே அந்தக் கந்தகம்தான். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மீந்துவிட்டதென்று கிரவுனில் கொட்டாதீர்கள். "கெட்டியா இருந்தாத் தாங்கும்" என்று புத்தகத்தில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றினால், அதைக் கடையவே தனிச் சூடு உண்டாகும். (பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கிரவுன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஊளையை அடக்க கிரீஸைத் திணித்துத் தள்ளிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.)

ஆயில் மாற்றும் கிலோமீட்டர் சாதாரண ஓட்டத்துக்குப் போட்டது. ஆயிலின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் தோராயக் கணக்கு. மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு நான் பாதி தூரத்திலேயே மாற்றச் சொல்வேன். புதுக் கிரவுன் போட்டிருந்தால் முதல் ஆயில் இன்னும் சீக்கிரம். சூடாக இருக்கும்போதே வடியுங்கள். ஆயில் வடிக்கிற துளையின் காந்த பிளக்கில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். வெட்டிய நகம் மாதிரி துண்டு கிடந்தால் அன்றைக்கு லோடு எடுக்காதீர்கள்.

மேடு ஏறி முடித்து டீக்கு நிறுத்துகிற இடத்தில் பின்னால் ஒரு சுற்று வாருங்கள். உள்ளங்கையை வைத்துவிடாதீர்கள், பொசுக்கிவிடும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். 'சுர்'ரென்று உடனே கொதித்து மறைந்தால் மேல்தோலே 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. உள்ளே ஆயில் அதைவிடச் சூடு. சாதாரண மினரல் ஆயில் தொடர்ந்து 120 டிகிரிக்கு மேல் தாங்காது. சூடு எந்த இடத்தில் என்பதும் முக்கியம். சட்டி முழுக்க ஒரே மாதிரி கொதித்தால் ஆயிலையும் பாரத்தையும் பாருங்கள். பினியன் மூக்கு மட்டும் என்றால் அந்த பேரிங். ஒரு பக்க ஹப் மட்டும் என்றால் கிரவுனைத் திட்டாதீர்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வீல் பேரிங். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த ரீட்ரேட் என்று ஓட்டுகிற வண்டியில் நேர் ரோட்டிலும் உள்ளே இருக்கிற சின்ன கியர்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் சூடுதான்.

அந்த வண்டிக்குக் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பல் பொருந்தாது. பேரிங், சீல், ஆயில், கூடவே புது பிரீதர். முதலாளி பில்லை மேலிருந்து கீழ் வரை படித்தார். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிரீதர் விலையை மட்டும் ரெண்டு தடவை கேட்டார்.