பாறைச் சுவரில் ஒரு மீட்டர் பாதை: கமினிட்டோ டெல் ரே எப்படி நிற்கிறது?

தெற்கு ஸ்பெயினில் மாலகா நகருக்கு வடமேற்கே, எல் சோரோ என்ற சிற்றூருக்கு அருகில், குவாதலோர்சே ஆறு ஒரு சுண்ணாம்புக்கல் மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கணவாய்க்கு கய்தானெஸ் என்று பெயர். சில இடங்களில் இரு பக்கப் பாறைகளுக்கும் இடையே பத்து மீட்டர்தான் இடைவெளி. அந்தச் சுவரில், ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் மேலே, ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பலகைப் பாதை ஓடுகிறது. அதுதான் கமினிட்டோ டெல் ரே. அடியில் தூண் கிடையாது. மேலிருந்து யாரும் கட்டித் தொங்கவிடவும் இல்லை.

இப்படி ஓர் இடத்தில் பாதை எதற்கு என்ற கேள்விக்கு விடை ஆற்றில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கணவாய்க்குள் நிற்பவருக்கு முதலில் எழும் சந்தேகம், தண்ணீர் ஏன் இந்தக் கடினமான மலையைச் சுற்றிப் போகவில்லை என்பது. மலை இப்போதுள்ள உயரத்தை எட்டுவதற்கு முன், இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைத்த ஒரு நீரிணை, சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த வழியாகத்தான் ஓடியது. அதன் மணல் கெட்டிப்பட்டு உருவான பழுப்பு நிற மணற்பாறைகளைக் கணவாயைச் சுற்றிலும் பார்க்கலாம். நிலம் உயர்ந்து கடல் விலகிய பிறகு, அந்த மென்மையான படிவுகளின் மேல் ஆறு தன் தடத்தை அமைத்துக்கொண்டது. அடியில் கடினமான சுண்ணாம்புக்கல் புதைந்து கிடந்தது. நிலம் மேலும் மேலும் உயர, ஆறு கீழே கீழே அறுத்தது. சுண்ணாம்புக்கல்லைத் தொட்டபோது தடத்தை மாற்ற வழியில்லை. தன் பள்ளத்துக்குள் அது ஏற்கெனவே சிக்கியிருந்தது.

சுண்ணாம்புக்கல்லை அறுப்பதில் தண்ணீருக்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் மெல்லிய அமிலமாகி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வெள்ளம் உருட்டி வரும் கூழாங்கற்கள் சுழலில் மாட்டிக்கொண்டு பாறையைக் குடைந்து வட்டக் குழிகளை உண்டாக்கும். சுவர்கள் இவ்வளவு செங்குத்தாக நிற்க இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஜுராசிக் காலக் கடலடியில் கிடைமட்டமாகப் படிந்த இந்த அடுக்குகளை, ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு ஐரோப்பாவை நெருக்கியபோது ஏற்பட்ட அழுத்தம் கிட்டத்தட்ட நிமிர்த்தி வைத்துவிட்டது. பாதையோரப் பாறையில் ஓர் அம்மோனைட்டின் புதைபடிவம் இருக்கிறது. சுருண்ட ஓடுடைய அந்தக் கடல் உயிரி இன்று ஆற்றுக்கு மேலே, சுவரில் பதிந்து நிற்கிறது. தவறவிடாமல் பாருங்கள்.

இனி மனிதர்கள். கணவாய்க்குள் ஆறு குறுகிய தொலைவில் வெகுவாகக் கீழிறங்குகிறது. நீர்மின் பொறியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. நொடிக்கு ஒரு கனமீட்டர் வீதம் 100 மீட்டர் கீழே விழுந்தால், கோட்பாட்டளவில் ஏறத்தாழ 980 கிலோவாட் திறன் கிடைக்கும். அந்த உயரத்தை வீணாக்காமல் இருக்க, தண்ணீரை மேலேயே மடக்கி, மிகக் குறைந்த சரிவுள்ள ஒரு கால்வாயில் பாறையோரமாகக் கொண்டுபோய், கடைசியில் குழாய்களில் ஒரேயடியாக இறக்குவார்கள். கால்வாய் என்றால் அடைப்பு எடுக்க, கசிவு பார்க்க ஆள் போய்வர வேண்டும். அதற்காகத்தான் 1901க்கும் 1905க்கும் இடையில் இந்தப் பாதையைக் கட்டினார்கள். அருகில் கட்டிய அணையின் நிறைவையொட்டி 1921இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ இதில் நடந்து போனார். கமினிட்டோ டெல் ரே, அதாவது அரசரின் சிறுபாதை, என்ற பெயர் அதனால் வந்தது.

பாதை எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே நீண்டிருக்கும் சன்ஷேடும் இதுவும் ஒரே இனம்: ஒரு முனை மட்டும் பிடிப்பில், மறுமுனை வெறுங்காற்றில். பொறியியலில் இதற்கு நெடுங்கை என்று பெயர். சன்ஷேடில் கம்பியை மேற்பக்கமாகக் கட்டவேண்டும் என்று கொத்தனார் கண்டிப்பாக இருப்பார். பாரம் கீழே இழுக்கும்போது மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்புக்கு இரும்பு வேண்டும்.

பாறையில் பதித்த இரும்புத் தாங்கியிலும் அதே கணக்குதான். 75 கிலோ எடையுள்ள ஒருவர் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பாதையின் வெளி விளிம்பில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாங்கியின் மேல் பிடிப்புக்கும் கீழ் ஊன்றலுக்கும் இடையே அரை மீட்டர் உயரம் இருந்தால், மேல் பிடிப்பை வெளியே இழுக்கும் விசை 150 கிலோ எடைக்குச் சமம். அதே இடைவெளி 10 சென்டிமீட்டர்தான் என்றால் 750 கிலோ! சாய்ந்த முட்டுக்கம்பியோடு முக்கோணமாகத் தாங்கிகளை அமைப்பது இதனால்தான். கீழ் ஊன்றல் பாறையை வெறுமனே அழுத்துகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆபத்தெல்லாம் மேல் பிடிப்பில்தான்.

அந்தப் பிடிப்புக்குப் பாறையில் துளையிட்டு, தூசியைச் சுத்தமாக ஊதி எடுத்து, பிசின் நிரப்பி, எஃகுக் கம்பியைச் செருகுகிறார்கள். பிசின் இறுகியதும் கம்பியின் முழு நீளமும் பாறையோடு ஒட்டிவிடுகிறது. உதாரணத்துக்கு, 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி 30 சென்டிமீட்டர் ஆழம் போகிறது, ஒட்டும் பரப்பு சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் தாங்குகிறது என்றால், அதைப் பிடுங்க சுமார் ஏழரை டன் இழுப்பு வேண்டும். தூசி மிஞ்சினால் பிசின் பாறையை விட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும், கணக்கே மாறிவிடும். பாறை விரிசல் விட்டிருந்தாலும் அப்படித்தான். பிடிப்பின் வலிமை கடைசியில் கல்லின் வலிமைதான்.

1905இல் கட்டி முடித்த பழைய பாதை அழிந்ததும் மேற்பக்கத்திலிருந்துதான். பராமரிப்பு நின்றபின், தளத்தின் விரிசல்கள் வழியே மழைநீர் இறங்கி இரும்பைத் தொட்டது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் தண்ணீர் வரும். பல இடங்களில் தளம் முழுவதும் உதிர்ந்து, வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலும் மலையேறிகள் நடந்தார்கள். 1999இலும் 2000இலும் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகுதான் வாயில்களை அடைத்தார்கள்.

மலையேற்றப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்ய, ஹெலிகாப்டரில் பொருட்கள் வந்து இறங்க, புதிய பாதை 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லூயிஸ் மச்சூக்கா பழையதை இடித்து எடுக்கவில்லை. அதற்குச் சற்று மேலே புதியதைப் பொருத்தினார். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். நடக்கும்போது காலுக்குக் கீழே பழைய தளத்தின் ஓட்டைகளையும் துருவேறிய சட்டங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். நெடுங்கை எப்படிச் சாகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. புதிய தளத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.

போவதாக இருந்தால் இரண்டு விஷயங்கள். தலைக்கவசம் கட்டாயம். மழையும் வெயிலும் மாறிமாறித் தளர்த்திவிடும் சிறு கற்கள் மேலிருந்து விழும். காற்று பலமாக இருக்கும் நாளில் பாதையை மூடிவிடுவார்கள். முன்பதிவு இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அகன்ற பள்ளத்தாக்கில் வரும் காற்று பத்து மீட்டர் இடுக்குக்குள் நுழையும்போது, அதே அளவு காற்று சிறிய வழியில் போயாக வேண்டியிருப்பதால் வேகம் கூடுகிறது. காற்று தரும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. பாதைக்கு அது ஒன்றும் செய்யாது. அதன் மேல் நடப்பவரைப் பாறையோடு பிணைக்கத்தான் எந்தக் கம்பியும் இல்லை.