தழும்பு சின்னதுதான், உள்ளே?

முதுகில் ஆபரேஷன் முடிந்து மறுநாளே வீடு திரும்பியவர் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். 2 செ.மீ. தழும்பு. "இவ்வளவுதானா!" என்று நாமும் வியப்போம். அந்த வியப்பில்தான் சிக்கல்.

நுண்துளை முறையில் பென்சில் கனத்தில் ஒரு குழாயைச் செருகி, அதன்மேல் சற்றுப் பெரிய குழாய், அதன்மேல் இன்னொன்று என்று இறக்குவார்கள். தசை இழைகள் அறுபடாமல் விலகி வழிவிடும். கடைசிக் குழாய் பெரும்பாலும் 16 முதல் 18 மி.மீ. விட்டம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ஜவ்விலிருந்து (டிஸ்க்) பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும் துணுக்கை அதன் வழியே எடுத்துவிடுவார்கள். பழைய முறையில் தசையை எலும்பிலிருந்தே உரித்து ஒதுக்க வேண்டும். வலியும் பலவீனமும் அதனால்தான் அதிகம்.

தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடும். ஆனால் துணுக்கு பிதுங்கி வந்த ஓட்டை ஜவ்வில் அப்படியே இருக்கிறது. அதைப் பெரும்பாலும் தைப்பதில்லை. ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் மெதுவாகத்தான் வடுக்கட்டி அடையும். அதற்குள் குனிந்து, திரும்பி, கனம் தூக்கினால் உள்ளிருக்கும் கூழ் மறுபடி பிதுங்கலாம். புகைபிடித்தால் நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, வருகிற கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும்.

சரி, அசையாமல் படுத்தே கிடக்கலாமா? அதுவும் கூடாது. தசை இளைக்கும், கால் நாளங்களில் ரத்தம் உறையலாம். 1990களில் டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் குடல் அறுவைக்காக வகுத்த விரைவு மீட்பு முறை இன்று முதுகுக்கும் வந்துவிட்டது. மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீராகாரம், கீறும் இடத்தில் மரப்பு ஊசி, ஓபியாய்டைக் (மார்ஃபின் வகை வலிமருந்து) குறைத்து பாராசிட்டமால் போன்றவற்றின் கூட்டணி. ஓபியாய்டு குறைந்தால் குமட்டலும் தலைச்சுற்றலும் குறையும். அன்றே எழுந்து நடக்கலாம்.

எழுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அப்புறம் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

கால்வலி பலருக்குக் கண்விழிக்கும்போதே போயிருக்கும். மரத்துப்போன பாதம் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். சிதைந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும், இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆகவே பழைய மரப்புக்குப் பொறுமை போதும். புதிதாகத் தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அந்த நிமிடமே மருத்துவமனை.