'தவறிய கருக்கலைப்பு': தவறியது எது?

'மிஸ்டு அபார்ஷன்' என்பதைத் தமிழில் 'தவறிய கருக்கலைப்பு' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். படிக்கிற பெண்ணுக்கு என்ன தோன்றும்? யாரோ கருவைக் கலைக்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, கரு பிழைத்துக்கொண்டது என்றுதான். நடந்ததோ நேரெதிர். கரு உள்ளேயே இறந்துவிட்டது. உடல் இன்னும் அதை வெளியேற்றவில்லை.

'அபார்ஷன்' என்பதன் வேர், எழாமலே மறைதல் என்ற பொருள் தரும் லத்தீன் வினை. தானாகப் போனாலும் மருந்தால் போக்கினாலும் மருத்துவ ஆங்கிலத்தில் அது ஒரே சொல்லாக இருந்தது. தானாகப் போவதை 'மிஸ்கேரேஜ்' என்றே சொல்லலாம் என்று பிரிட்டன் மருத்துவர்கள் 1985இல் லான்செட் மருத்துவ இதழில் எழுத வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. கலைதல் வேறு, கலைத்தல் வேறு. புறநானூற்று 34ஆம் பாட்டு பழிகாரர்களைச் சொல்லும்போது 'கருச்சிதைத்தோர்' என்று பிறவினையில்தான் சொல்கிறது. 'கலைஞ்சு போச்சு', 'கலைச்சுட்டா' என்று பேச்சிலும் பிரித்தே வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் மட்டும் கலந்துவிடுகிறார். அப்படி எழுதிய டிஸ்சார்ஜ் தாளை மாமியார் படித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர் யோசிப்பதில்லை.

'தவறுதல் என்றால் இறத்தலும்தானே' என்று ஒரு வாதம் உண்டு. சரி, தாத்தா தவறிவிட்டார் என்கிறோம். ஆனால் 'தவறிய' என்ற பெயரெச்சம் தழுவுவது 'கலைப்பு' என்ற பெயரை; கருவை அல்ல. அப்படியானால் செத்தது கலைப்பு!

'வெளித்தெரியாத கருச்சிதைவு' என்பதே பொருந்தும். உதிரப்போக்கோ வலியோ இல்லாமல் இருக்கலாம். குமட்டல் குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் கர்ப்பம் என்றே காட்டலாம். ஸ்கேன்தான் சொல்லும்: 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கருவில் இதயத் துடிப்பு இல்லை, அல்லது சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டிய, கரு வளர வேண்டிய நீர்ப்பையில் கருவே இல்லை. அளவு அதற்குக் குறைவென்றால் அவசரப்படாமல் சில நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

'த்ரெட்டன்டு அபார்ஷன்' என்பதை 'அச்சுறுத்தும் கருக்கலைப்பு' என்பது இன்னொரு கூத்து. யார் யாரை அச்சுறுத்துகிறார்கள்? உதிரம் படுகிறது, ஆனால் கருப்பை வாய் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். துடிப்பும் தெரிந்தால் பெரும்பாலான கர்ப்பங்கள் நிலைத்துவிடும். 'சிதைவு அபாயம்' போதும். கருப்பை வாய் திறந்துவிட்டால் 'தவிர்க்க முடியாத கருச்சிதைவு' என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை.

முதலில் சொன்ன 'மிஸ்டு அபார்ஷன்' என்பதைச் சிலர் 'மௌனக் கருச்சிதைவு' என்றும் எழுதுகிறார்கள். கவிதைத் தலைப்புக்கு ஆகும். டிஸ்சார்ஜ் தாளுக்கு ஆகாது.